சுங்குடி உறை போட்ட புத்தகம்

உள்ளி உரித்துக்கொண்டே சொல்கிறேன், டீச்சர். கை சும்மா இருந்தால் எனக்கு வாய் வராது. நாளை மறுநாள் சாருடைய நினைவு நாளுக்கு அறுபது பேருக்குச் சாப்பாடு. கிருபை அம்மா இரண்டு கிலோ சின்ன உள்ளியை ஊறப் போட்டுவிட்டுத்தான் ஜெபக் கூட்டத்துக்குப் போயிருக்கிறார்கள். வருவதற்குள் முடிக்க வேண்டும். நீங்கள் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள், கண் எரியும்.

என்ன கேட்டீர்கள்? "இந்த அலமாரியை யாரு தொட்டா?" என்றுதானே? நாற்பது புத்தகப் பெயரை நோட்டில் எழுதிவிட்டு, பேனாவை மூடிவிட்டு, அடுக்களை வாசலில் வந்து நின்று கேட்டீர்கள். ஒரு நிமிடம் தெரியாது என்று சொல்லிவிடலாமா என்றுதான் பார்த்தேன். ஆனால் இன்றைக்குச் சாயங்காலம் அச்சுக்குக் கொடுக்க வேண்டும் என்கிறீர்கள். சார் படத்தைப் போட்டு, கீழே அந்த நூறு பெயரையும் வரிசையாகப் போட்டு, நினைவு மலர் என்கிறீர்கள். அச்சில் ஏறிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது இல்லையா?

நான்தான் தொட்டேன், டீச்சர்.

கிருபை அம்மாவிடம் சொல்லாதீர்கள். சொல்லத்தான் வேண்டும் என்றால் நினைவு நாள் கழிந்து சொல்லுங்கள். அவர்கள் அண்ணன் பெயருக்கு வந்த கேடு என்று தெரிந்தால் தாங்க மாட்டார்கள்.

நான் இந்த வீட்டுக்கு வேலைக்கு வந்து நாலு வருடம். வந்த அன்றைக்கே கிருபை அம்மா முதலில் காட்டியது அடுப்பை இல்லை, அந்த அலமாரியைத்தான். "ஏட்டி முப்பிடாதி, இந்த வீட்டுல எதை வேணாலும் உடைச்சுக்கோ. இதுல ஒரு புஸ்தகம் இடம் மாறிச்சோ, எங்க அண்ணன் சோறு திங்க மாட்டான்" என்றார்கள். ஐந்து தட்டு, தட்டுக்கு இருபது. இங்கிலீஷில் எழுதின கதைப் புத்தகத்திலேயே எது பெரிது, எது அதற்கடுத்தது என்று சார் ஆயுசு முழுக்க வாசித்து வாசித்துப் போட்ட வரிசை. மேல் தட்டில் இடது ஓரம் ஒன்றாவது. கீழ்த் தட்டில் வலது ஓரம் நூறாவது. நம்பர் ஒட்ட மாட்டார். எழுதியும் வைக்க மாட்டார். "தாள்ல எழுதினா செத்துப் போயிரும். அலமாரியில இருந்தா உசுரோட இருக்கும்" என்பார். வேண்டும் என்றால் வந்து பார்த்து எழுதிக்கொண்டு போ. இன்றைக்கு நீங்கள் வந்த மாதிரி.

ஏறி இறங்கி எடுக்க அவருக்கு மூட்டு வலி. அதனால் எடுத்து வைக்கிறது நான். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கண்ணை இடுக்கிக்கொண்டு சொல்லுவார்: "முப்பிடாதி, மேல்தட்டுல நாலாவது, பச்சை. அதை எடுத்து ரெண்டாந்தட்டுல ஒம்பதாவதா வையி." வைப்பேன். அந்தப் பச்சை என்ன தப்பு செய்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால் எடுக்கும்போது கை கூசும். ஏழாவதில் பள்ளியை விட்டு நின்றவள் நான். இங்கிலீஷில் நாற்பத்திரண்டு பேரில் நாற்பத்திரண்டாவது ரேங்க். வாசி என்று சொன்னால் எழுந்து நிற்பேன், வாய் திறக்காது. மணி அடிக்கிற வரை நிற்பேன். கடைசியில் நிற்கிறது எப்படி இருக்கும் என்று சாருக்கு என்ன தெரியும்? இறக்கின புத்தகத்தை வேட்டித் துணியால் இரண்டு தரம் கூடுதலாகத் துடைத்து வைப்பேன். அவ்வளவுதான் என்னால் ஆனது.

நூறாவது இடத்தில் இருந்தது ஒன்று. சாரிடம் படித்த உங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஒல்லியாக, துணியில் உறை தைத்தது. சுங்குடிச் சேலைத் துணி, கத்தரிப்பூ நிறம், முடிச்சுப் புள்ளி. நூறு புத்தகத்தில் துணி உறை போட்டது அது ஒன்றுதான். அது சாருடைய வீட்டம்மா ஞானப்பூ அம்மாவுடையது. நான் வருவதற்கு ஆறு வருடம் முந்தியே அவர்கள் தவறிப்போய்விட்டார்கள், படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கிருபை அம்மா சொன்னதுதான் இது. "எங்க மதினி அந்த ஒரு புஸ்தகத்தைப் பதினேழு தடவை வாசிச்சா. அதுதான் ஒண்ணாவதுன்னு இவன்கிட்ட முப்பது வருசம் மல்லுக்கு நின்னா. இவன் என்ன சொல்லுவான்? பொம்பளைங்க உக்காந்து அழுறதுக்குன்னே எழுதின கதை, வீட்டுச் சமாதானத்துக்காக நூறாவது இடம் தாரேன்னு சொல்லிச் சிரிப்பான், வந்தவங்க முன்னால. ஒருநாள் மதினி தன் சேலையைக் கிழிச்சு உறை தச்சா. என்ன மதினின்னு கேட்டா, கடைசியில நிக்கிற பிள்ளைக்கு நல்ல சட்டையாவது போட்டு விடுதேன்ங்கா."

அந்தப் பேச்சைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு இது. வேறு ஒன்றும் இல்லை.

இரண்டு வருடத்துக்கு முந்தின புரட்டாசி. சாருக்குக் கண் மங்கிக்கொண்டே வந்து, மதுரைக்குக் கூட்டிப் போனார்கள். கிருபை அம்மாவும் கூடப் போனார்கள். பத்து நாள். என் வீட்டுக்காரர் லாரியில் போனால் எப்போது வருவார் என்று தெரியாது, அதனால் நானும் என் பிள்ளை ஆதிரையும் இங்கேயே படுத்துக்கொண்டு வீட்டைப் பார்த்துக்கொண்டோம். அந்தப் பத்து நாளுக்குள் சரஸ்வதி பூசை வந்தது.

பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. பள்ளியில் சேர்க்கப் போகிற வருடம். எங்கள் வீட்டில் பூசைக்கு வைக்க என்ன புத்தகம் இருக்கிறது? ரேஷன் கார்டும் ஒரு பஞ்சாங்கமும்தான். இங்கே பார்த்தால் நூறு. உலகத்திலேயே பெரிய நூறு. இத்தனை வருடத்தில் ஒருத்தரும் ஒரு பொட்டு வைத்ததில்லை, ஒரு பூ போட்டதில்லை. சரஸ்வதி இந்த வீட்டில் இல்லாமல் வேறு எங்கே இருப்பாள், நீங்களே சொல்லுங்கள். பைபிள் வாசிக்கிற வேதக்கார வீட்டில் பூசை போடலாமா என்று போனில் கேட்க எனக்குப் பயம். கேட்டால் கூடாது என்பார்கள். கேட்காவிட்டால் கூடாது என்று சொன்னதாக ஆகாதே.

தரையைத் துடைத்து, துவைத்த வேட்டியை விரித்தேன். ஒன்றாவதிலிருந்து எடுத்து எடுத்து ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினேன். தட்டுக்கு ஒரு அடுக்கு, ஐந்து அடுக்கு. கடைசி அடுக்கின் உச்சியில் சுங்குடி உறை வந்தது. ஒவ்வொரு அடுக்கின் தலையிலும் சந்தனம் தொட்டு வைத்தேன். சுங்குடி உறைக்கு மட்டும் ஒரு விரல் கூடுதலாகவே வைத்துவிட்டேன். அதன் மேல் பிள்ளையின் சிலேட்டை வைத்தேன். பொரி, கடலை, ஒரு சீப்புப் பழம். அன்றைக்கு எதையும் தொட்டு வாசிக்கக் கூடாது என்பார்கள். எனக்கு அது ஒன்றும் கஷ்டமாக இல்லை.

மறுநாள் பிள்ளையின் விரலைப் பிடித்துப் பச்சரிசியில் அ போட வைத்துக்கொண்டிருக்கிறேன், போன். கிருபை அம்மா. "பஸ் வண்ணாரப்பேட்டை தாண்டிட்டு, இந்தா வந்துட்டோம். வெந்நி போட்டு வையி." நாலு நாள் கழித்து வருகிறவர்கள் அன்றைக்கே வந்துவிட்டார்கள்! பொரியை அள்ளி, அரிசியை அள்ளி, பிள்ளையை ஒரு மூலையில் தள்ளி, கைக்குக் கிட்டே இருந்த அடுக்கிலிருந்து எடுத்து மேல் தட்டில் வைக்க ஆரம்பித்தேன். மேலே இருப்பதை முதலில் எடுக்கிறதுதானே வழக்கம்? கழுவிக் கவிழ்த்த தட்டை எடுத்து அடுக்கும்போது அடித் தட்டை உருவுகிற பெண்பிள்ளை உண்டா? நூறையும் வைத்து முடித்து, தள்ளி நின்று பார்த்தால், மேல் தட்டில் இடது ஓரம் சுங்குடி உறை நிற்கிறது.

கடைசியாக வைத்ததை முதலில் எடுத்திருக்கிறேன். நூறாவது ஒன்றாவதாகிவிட்டது, ஒன்றாவது நூறாவதாகிவிட்டது, எல்லாமே தலைகீழ். ஆனால் ஒன்று சொல்கிறேன், டீச்சர், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கே பார்க்க அது நன்றாகத்தான் இருந்தது.

அதற்குள் வாசலில் ஆட்டோ.

டாக்டர் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டாராம். நரம்பு வாடிப்போய்விட்டது, யாராலும் ஆகாது என்று. சார் சுவரைப் பிடித்துக்கொண்டு நேரே புத்தக அறைக்குத்தான் வந்தார். கிருபை அம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விட்டார்கள். சார் கையைத் தூக்கி மேல் தட்டைத் தடவினார். அவர் நகத்தால் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் தட்டி எண்ணுகிற பழக்கம் உங்களுக்குத் தெரியும். டக், டக், டக் என்று. அன்றைக்கு ஒரு டக். கை அங்கேயே நின்றுவிட்டது.

கட்டைவிரலால் அந்த முடிச்சுப் புள்ளியைத் தேய்த்துக்கொண்டே நின்றார். விரலை மூக்கில் வைத்தார். பிறகு அந்த மூட்டு வலியோடு முழங்கால் போட்டு உட்கார்ந்து, கீழ்த் தட்டின் கடைசிப் புத்தகத்தைத் தடவினார். முந்தி ஒன்றாவதாக நின்ற அந்த எருமைத் தோல் அட்டை போட்ட தடியனை. பாவம், கண் தெரியாதவர் கீழே எதையோ போட்டுவிட்டுத் தேடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

"முப்பிடாதி, நாங்க இல்லாதப்ப யாரும் வந்தாங்களா?"

"இல்ல சார்."

"சந்தனம் மணக்குதே."

"ஊதுவத்தி சார்."

"ம்" என்றார். விரலை இன்னொரு தரம் மோந்து பார்த்துவிட்டு, "வந்திருக்கா" என்றார்.

எனக்கு உயிர் போய்விட்டது. வந்திருக்கா என்றால் பெண்தானே? சரஸ்வதியை மோப்பம் பிடித்துவிட்டார், வேதக்கார வீட்டில் பூசை போட்டவளை இன்றைக்கே வெளியே அனுப்பிவிடுவார் என்று பயந்தேன். ஆனால் அனுப்பவில்லை. "இனிமே இதுல ஒண்ணையும் அசைக்காத. தூசி மட்டும் தட்டு" என்றார். குரல் வேறு மாதிரி இருந்தது. கண் போன துக்கம்.

எப்படிச் சொல்லுவேன்? கண் இருந்தால் அவரே பார்த்திருப்பார், திட்டியிருப்பார், நானும் மாற்றி வைத்திருப்பேன். கண் தெரியாத மனிதருக்கு எது எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஏமாற்றிவிட்டோமே என்று எனக்குச் சோறு இறங்காது.

கிறிஸ்மஸுக்கு மறுநாள் வழக்கம்போலப் பொன்னையா சார் வந்தார். சாரோடு ஒரே காலேஜில் வேலை பார்த்தவர். அவர் வந்தாலே வீடு கோர்ட்டு மாதிரி ஆகிவிடும். முந்தின வருடம் வாசல்படி ஏறும்போதே, "வேய் தவசிமுத்து, அந்த ரெண்டாவதை எட்டாவதுக்குத் தள்ளாம உம்ம வீட்டுல பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்" என்று கத்தினார். சார் அசையாமல், "முப்பிடாதி, சாருக்குக் காப்பி கொண்டா. தண்ணிதான குடிக்க மாட்டேன்னாரு" என்றார். அப்படிப்பட்ட ஆள் இந்த முறை அலமாரி முன்னால் போய் நின்று வாயைத் திறந்தவர் மூடவில்லை. போச்சு, பிடித்துவிட்டார் என்று நான் கதவுக்குப் பின்னால் நிற்கிறேன். சார் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சின்ன வாக்கியம்தான். பொன்னையா சார் வந்து சாருடைய தோளில் கையை வைத்தார். அப்புறம் நான் பதற்றத்தில் சீனி போட மறந்த காப்பியை அப்படியே குடித்துவிட்டு எழுந்து போனார். கண் போன மனிதரிடம் சண்டை போட மனசு வரவில்லை போல.

அதற்கப்புறம் சார் யாரையும் புத்தகம் வாசித்துக் காட்டச் சொல்லவில்லை. நாலு மணிக்கு வந்து உட்காருவார். நகத்தால் ஒரு டக். அதற்கு மேல் எண்ண மாட்டார், எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். திறக்கவும் மாட்டார். அந்தப் புள்ளிகளைத் தடவிக்கொண்டே இருப்பார், பயறு பொறுக்குகிற மாதிரி. ஒன்றாவது புத்தகம் என்று நினைத்துக்கொண்டு கடைசிப் புத்தகத்தை வைத்துக்கொண்டிருக்கிறாரே, பாவம்.

ஐயோ, என்ன டீச்சர், கண்ணிலிருந்து இப்படிக் கொட்டுகிறது? நாற்காலியைத் தள்ளிப் போடுங்கள் என்று அப்போதே சொன்னேனே. உரிக்கிறவளுக்கு ஒன்றும் இல்லை, உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் இந்த உள்ளி. தண்ணீரில் முகத்தைக் கழுவிக்கொள்ளுங்கள். வேண்டாமா? சரி.

போகிறதுக்கு ஒரு வாரம் முன்னால் என்னைக் கூப்பிட்டார். "முப்பிடாதி, நான் இல்லைன்னாலும் இந்த அறைக் கதவை அடைச்சுப் போடாத. அவ வந்தா திரும்பிப் போயிரக் கூடாது." யாரு சார் என்று கேட்டேன். சிரித்தார். யார் என்று சொல்லாமலே போய்விட்டார். அடைக்காமல்தான் வைத்திருக்கிறேன்.

அதில்தான் வந்தது வினை. போன மாசியில் அடக்கம் முடிந்து எட்டாம் நாள். நாலு மணி. கிருபை அம்மா வேதக்கோயிலுக்குப் போயிருந்தார்கள். பிள்ளை என் மடியில் தூங்குகிறது. அந்த அறையிலிருந்து, டக். ஒரே ஒரு தடவை. நான் இரண்டாவதுக்குக் காத்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் அப்படியே. பல்லியாக இருக்கும் என்பீர்கள். பல்லி தினம் நாலு மணிக்கா சத்தம் கொடுக்கும்? எனக்குத் தெரியும், டீச்சர். அங்கே போனதும் எல்லாருக்கும் கண் தெரிந்துவிடும் இல்லையா? இப்போது பார்த்துவிட்டார். ஒன்றாவது இடத்தில் எது நிற்கிறது என்று பார்த்துவிட்டார். அதைத் தாண்டி இரண்டாவதுக்குப் போக முடியாமல் அங்கேயே நின்றுகொண்டிருக்கிறார். என்னால்.

எங்கள் கோயில் பூசாரியிடம் போய்க் கேட்டேன். "வேதக்கார ஆவியா? அதுலயும் இங்கிலீஷ் வாத்தியாரா? எனக்கு அந்தப் பாஷை தெரியாதேம்மா" என்று சிரித்தார். திருநீறு கொடுத்தார். அலமாரிக்கு அடியில் வைத்தேன். டக் நிற்கவில்லை.

சரி, நாமே சரி செய்வோம் என்று பார்த்தேன். நூறையும் மாற்றத் துணிச்சல் இல்லை, அசைக்காதே என்று சொன்னவர் சொல் ஒன்று இருக்கிறது. சுங்குடி உறையை மட்டும் எடுத்துப் பழைய இடத்தில், கீழ்த் தட்டில் வலது ஓரத்தில் வைத்தேன். ஒன்றை அசைத்தால் சின்னப் பாவம்தானே. மறுநாள் காலையில் வந்து பார்க்கிறேன், அது மேல் தட்டில் இடது ஓரத்தில் நிற்கிறது. திரும்ப வைத்தேன். திரும்ப அங்கே. எட்டுத் தடவை, டீச்சர். இந்த ஒரு வருடத்தில் எட்டுத் தடவை. பிள்ளைக்கு எட்டாது, அது அவ்வளவு உயரம். கிருபை அம்மாவுக்குப் புத்தகம் என்றாலே பைபிள் ஒன்றுதான், அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அவர்களும் நானும்தான் வீட்டில். வேறு யார் எடுத்து வைப்பார்கள்? என் தப்பை என் கண் முன்னால் தூக்கிக் காட்டுகிறார். பார், பார் என்கிறார்.

இன்றைக்குக் காலையில் ஒன்பதாவது தடவையாக வைத்தேன். நீங்கள் வருகிறீர்கள் என்று தெரிந்ததும், கிருபை அம்மா குளிக்கப் போன நேரத்தில். அதனால்தான் நீங்கள் எழுதின நாற்பதில் அது இல்லை. கீழே கடைசியில் இருக்கிறது, போய்ப் பாருங்கள். நீங்கள் ஒன்றாவது என்று எழுதினீர்களே, அது தொண்ணூற்றொன்பதாவது.

இப்போது நான் கேட்கிறது ஒன்றுதான். அந்த நோட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, இந்த அலமாரியைக் கீழேயிருந்து எழுதிக்கொண்டு வாருங்கள். கீழ்த் தட்டில் சுங்குடி உறைக்கு இடது பக்கம் நிற்கிற எருமைத் தோல் தடியன் ஒன்று. அதற்கு இடது பக்கம் இரண்டு. அப்படியே வலமிருந்து இடமாக, கீழேயிருந்து மேலாக. சுங்குடி உறையைக் கடைசியாக எழுதுங்கள், நூறு. சரியாகிவிடும். சார் பெயர் தப்பும். அச்சில் சரியாக வந்துவிட்டால் அவரும் அந்த முதல் புத்தகத்தை விட்டு நகருவார், நிம்மதியாகப் போவார். நான் என்ன பெரிதாகக் கேட்டுவிட்டேன்? ஏன் தலையை ஆட்டுகிறீர்கள்? ஏன் முடியாது? நான்தான் தப்பு செய்தேன் என்று ஒத்துக்கொள்கிறேனே. ஞானப்பூ அம்மா முப்பது வருடம் கேட்டும் கொடுக்காத இடத்தை, ஏழாவது படித்த நான் கொடுத்துவிட்டேன் என்று ஊர் சிரிக்க வேண்டுமா?

இருங்கள். கேட் சத்தம். கிருபை அம்மா வந்துவிட்டார்கள். நேரே புத்தக அறைக்குத்தான் போகிறார்கள், உங்களை அங்கே தேடுவார்கள். கண்ணைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் பேசாத மாதிரி இருங்கள்.

"ஏட்டி முப்பிடாதி! இங்க வா. மதினி புஸ்தகத்தை மறுபடியும் கடைசியில கொண்டு வச்சுட்டியா? எத்தனை தடவைதான் நான் ஸ்டூலைப் போட்டு ஏறி ஏறி எடுத்து வைக்க? எங்க அண்ணன் அசைக்காதேன்னு சொல்லிட்டுப் போனதைக் காதுல வாங்கினியா இல்லையா நீ?"

இந்தா வாரேன்மா...

டீச்சர், கேட்டீர்களா? எடுத்து வைத்தது அவர்கள். எட்டுத் தடவையும் அவர்கள். சரி. சரி, அப்படியே இருக்கட்டும். ஆனால் அவர்கள் கோயிலுக்குப் போயிருக்கிற நேரத்தில்தானே அந்த டக், இன்றைக்கும் நாலு மணிக்கு, நீங்கள் இங்கே வந்து நிற்கிறதுக்குக் கொஞ்சம் முந்தி, நீங்களும் அந்த அறையில்தானே எழுதிக்கொண்டு இருந்தீர்கள், அப்படியென்றால் தட்டுகிறது யார், டீச்சர்?